கௌதாரியைக் காணவில்லை

கௌதாரி. கெளதாரி. இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களால் கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தால், ஒன்று உங்கள் எழுத்துரு நல்ல எழுத்துரு, இல்லையென்றால் உங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவரின் கண். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கரிசல் காட்டில் உளுந்துச் செடிகளுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடுகிற பறவை. கணினிக்கோ இவை வேறு வேறு சொற்கள். முதலாவதன் முதலெழுத்தில் இரண்டு குறிகள்: ககரம், அதனுடன் ஔகாரக் குறி. யூனிகோடு கணக்கில் 2965, 3020. இரண்டாவதில் மூன்று குறிகள்: ககரம், ஒற்றைக் கொம்பு, ளகரம். அதாவது 2965, 3014, 2995. ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றது அகப்படாது.

கௌதாரி அகப்படாமல் போனால் அதற்கு நல்லதுதான், கண்ணியிலிருந்து தப்பித்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கௌரி, கௌசல்யா, சௌந்தரம், ஔவை, மௌலானா என்றெல்லாம் மனிதர்களுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்கள் பட்டாவில் இருக்கின்றன, ரேஷன் அட்டையில் இருக்கின்றன, பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கின்றன, வாக்காளர் பட்டியலில் இருக்கின்றன. சில இடங்களில் ஔகாரமாக இருக்கின்றன, சில இடங்களில் கொம்பும் ளகரமுமாக இருக்கின்றன. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று.

தமிழைக் கணினியில் ஏற்றியது பற்றி நாம் முப்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். மாநாடு நடத்தியிருக்கிறோம், அரசாணை போட்டிருக்கிறோம், சதி என்று அறிக்கை விட்டிருக்கிறோம். இந்த ஓர் எழுத்தின் ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. ஏனென்றால் நாம் சண்டை போட்டது எழுத்துக்காக இல்லை, எழுத்தின் கௌரவத்துக்காக. அந்தக் கௌரவத்தையும் பாதிப் பேர் ளகரம் போட்டுத்தான் அடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

*

கோளாறு எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம்.

யூனிகோடு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த வரிசை யூனிகோடுகாரர்கள் உட்கார்ந்து யோசித்தது அல்ல. இந்திய அரசின் இஸ்கி என்ற 1988ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பிராமி வழிவந்த எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அச்சில் வார்த்த சட்டகம் அது. நம் கட்டத்தில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே இன்றும் மூன்று இடங்கள் காலியாகக் கிடப்பது அதனால்தான். உயிருக்குத் தனி எண், அகரமேறிய மெய்க்குத் தனி எண், துணைக்குறிகளுக்குத் தனி எண், புள்ளிக்குத் தனி எண். 216 உயிர்மெய்களில் 18 மட்டுமே தனி எண் பெற்றன. மற்றவை சேர்த்துச் செய்பவை.

இந்த முறையில் ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேர்க்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகிய பெயரையே எடுத்துக்கொள்வோம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் பெயரில் ‘பொ’ இருக்கிறது. இதைப் பகரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம்: 2986, 3018. பகரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம்: 2986, 3014, 3006. இரண்டும் சமம் என்று யூனிகோடு சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். இதற்கு இயல்பாக்கம் என்று பெயர். கட்டபொம்மன் எப்படி அடித்தாலும் அகப்பட்டுவிடுவார்.

ஔகாரத்துக்கும் அதே சட்டம் உண்டு. ‘ஔ’ என்ற எழுத்துக்கு 2964. அதை ஒகரமும் ஔகார நீட்டல் குறியுமாகப் பிரித்தாலும் (2962, 3031) சமம்தான். சிக்கல் அந்த 3031இல் இருக்கிறது. அது பார்ப்பதற்கு ளகரம் போலவே இருக்கும், ஆனால் ளகரம் இல்லை. பெயரே ‘ஔகார நீட்டல் குறி’. இப்படியொரு குறி இருப்பது தமிழ் தட்டச்சு செய்கிற நூறு பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கீபோர்டில் ள இருக்கிறது. கண்ணுக்கு ள தெரிகிறது. அதை அடிக்கிறார்கள். 2995 விழுகிறது. யூனிகோடு சட்டம் 2995ஐ 3031க்குச் சமம் என்று சொல்லவே சொல்லாது. சொல்லவும் கூடாது. ஏனென்றால் ‘ஒளி’ என்றொரு சொல் இருக்கிறது. அதில் இருப்பது ஒகரமும் ளிகரமும். அதைப் போய் ஔகாரமாக்கினால் வெளிச்சம் போய்விடும்.

*

‘ஆபரேட்டர் ஒழுங்கா அடிச்சா பிரச்சனையே இல்ல’ என்று நம் ஆட்கள் சொல்வார்கள். படித்தவன் படிக்காதவன் மேல் பழிபோடும் வழக்கமான வேலை இது.

தட்டச்சுப் பொறி இருந்த காலத்தில் ள என்ற ஒரே விசைதான் இரண்டு வேலையையும் பார்த்தது. கொம்பைத் தட்டு, ககரத்தைத் தட்டு, ளகரத்தைத் தட்டு. தாளில் கௌ வந்துவிடும். தாளுக்கு எண் கிடையாது. அதில் பழகிய விரல்கள் கணினிக்கு வந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் அதே வழியில்தான் போயின, அவற்றில் எழுத்து என்பது படம். கண்ணில் சரியாக இருந்தால் சரி. பின்னால் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது மாற்றிகள் ளகரத்தை ளகரமாகவே கொண்டுவந்து சேர்த்தன. ஆக, இன்று நம் டேட்டாபேஸ்களில் கிடக்கிற ‘கெளரி’கள் கவனக்குறைவால் வந்தவை அல்ல. ஒரு தலைமுறையின் முறையான பயிற்சியால் வந்தவை. தட்டச்சுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர் அடித்தது.

எழுத்துரு செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஔகார நீட்டல் குறியைச் சற்றுச் சிறியதாக, ககரத்தோடு ஒட்டினாற்போல வரைந்திருந்தால் தப்பு கண்ணில் பட்டிருக்கும். பல எழுத்துருக்களில் ளகரத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கள்ளநோட்டையும் நல்லநோட்டையும் ஒரே அச்சில் அடித்துவிட்டு, வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும் என்பதுபோல.

இன்னொரு பக்கம் செல்போன். முகநூலில் ‘௭ன்ன’, ‘௭ப்படி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதலில் இருப்பது எகரம் இல்லை. தமிழ் எண் ஏழு. எகரத்தின் எண் 2958, ஏழின் எண் 3053. யாரோ ஒருவர் கீபோர்டு செய்தபோது இதைக் கவனிக்காமல் விட்டார். லட்சக்கணக்கான சொற்கள் ஏழில் தொடங்குகின்றன. ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதே கதிதான். 2005இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு, அதைக் கொண்டு ஶ்ரீ எழுதுவதே முறை என்றானது. அதற்கு முன்பிருந்தே எல்லோரும் ஸகரத்தைப் போட்டு ஸ்ரீ எழுதிக்கொண்டிருந்தார்கள், இன்றும் எழுதுகிறார்கள். எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கோலமாக வரைந்துவிடுகின்றன. ஆக ஒரே ஊருக்கு இரண்டு முகவரி.

இவையெல்லாம் யூனிகோடு அமைப்புக்குத் தெரியாமல் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற எழுத்துகளின் பட்டியல் ஒன்றை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ளகரமும் ஔகார நீட்டல் குறியும் அதில் இருக்கின்றன, எகரமும் ஏழும் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிற அந்தக் கோப்பைத் தன் சாஃப்ட்வேரில் பயன்படுத்து என்று டெண்டரில் ஒரு வரி எழுத நமக்குத்தான் கை வரவில்லை.

*

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு சித்தி. பெயர் ‘கௌ’வில் தொடங்கும். மானாவாரி நிலம், உளுந்தும் மக்காச்சோளமும். ஒரு வருஷம் மழை பொய்த்து, நிவாரணப் பட்டியலில் பெயர் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனாள்.

“யம்மா, ஒங்க பேரு லிஸ்ட்ல வரலியே.”

“போன வருஷம் இருந்துச்சே சார்.”

“கம்ப்யூட்டர்ல இல்லம்மா, நான் என்ன செய்ய?”

மூன்று நடை நடந்தாள். மூன்றாவது நடையில் சித்தப்பா பெயரைப் போட்டுத் தேடினார்கள். அவர் பெயருக்கு எதிரே இவள் பெயர் இருந்தது. திரையில் ஓர் எழுத்துகூட மாறாமல், அவள் ஆதாரில் இருப்பது போலவே இருந்தது. அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் சரியாகத்தான் அடித்தார், ஒலிவழி கீபோர்டில். முன்பு பதிந்தவரும் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் அடித்தார், தட்டச்சு கீபோர்டில். இரண்டு சரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது சித்தி.

காகிதப் பதிவேட்டில் இது நடந்திருக்காது. கணக்குப்பிள்ளை விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ‘இந்தா இருக்கு’ என்றிருப்பார். கண் மன்னித்துவிடும், எண் மன்னிக்காது. ‘கம்ப்யூட்டர்ல இல்ல’ என்கிற சொல்லுக்கு மேல் முறையீடும் கிடையாது. பேரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதை யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது.

*

இப்போது நம் போராளிகளிடம் வருகிறேன்.

முதல் அணி, ‘தமிழுக்கு யூனிகோடில் அநீதி’ அணி. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது இவர்கள் வாதம். அந்த எண்ணத்தில் உருவானதுதான் டேஸ் 16. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடைத் தரமாகவும் டேஸ் 16ஐ மாற்றுத் தரமாகவும் தமிழக அரசு ஆணையிட்டது. தனிப்பயன்பாட்டுக்கென்று யூனிகோடு விட்டுவைத்திருக்கும் புறம்போக்கில் போட்ட பந்தல் அது. அதில் கௌவுக்கு ஒரே எண். நல்லது. ஆனால் தட்டச்சு முறையில் பழகியவர் கொம்பு, ககரம், ளகரம் என்று அடித்தால் டேஸ் 16இல் என்ன விழும்? ‘கெ’ ஓர் எண், ‘ள’ ஓர் எண். அதே இரண்டு சித்திகள். எழுத்துக்குத் தனி எண் கொடுப்பது அடிப்பவரின் விரலைத் திருத்தாது. தமிழ் 99 கீபோர்டில் ஔவுக்குத் தனி விசையே இருக்கிறது. 1999இலிருந்து இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தோமா? இந்த அணியின் வரலாற்றுக் குறை நியாயமானது, இஸ்கி தமிழின் கட்டமைப்பை மதிக்கவில்லை. ஆனால் யூனிகோடு கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்காது, அது அவர்கள் கொள்கை. வாங்கவும் வேண்டாம், உலகத்திலுள்ள தமிழ்க் கோப்புகளெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கின்றன. தீராத வழக்கைக் காட்டித் தீர்க்கக்கூடிய வேலையைத் தள்ளிப்போடுவது சௌகரியமான அரசியல்.

இரண்டாவது அணி, ‘ஔவே வேண்டாம்’ அணி. 1935இலேயே பெரியார் ஐகார ஔகாரத்துக்குப் பதில் அய், அவ் என்று எழுதலாம் என்றார். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது, ஆனால் ஐயும் ஔவும் அப்படியே இருந்தன. அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரம் போல ஒலிப்பதைத் தொல்காப்பியமே பேசுகிறது என்பதால் இது ஒன்றும் தமிழுக்குப் பகையான யோசனை அல்ல. நாளிதழ்கள் இன்றும் கவுரவம், மவுனம் என்று எழுதுகின்றன. இனிமேல் எழுதப்போவதற்கு இது நல்ல வழியாகவே இருக்கட்டும். ஏற்கெனவே பதிவான பெயர்களை என்ன செய்வது? சித்தி பெயருக்குக் ‘கவு’ என்று மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல் சேரும், அவ்வளவுதான்.

மூன்றாவது அணி என் சொந்தச் சாதி, அதாவது சாஃப்ட்வேர்காரர்கள். ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் போட்டா முடிஞ்சது ப்ரோ’ என்பார்கள். மெய்க்குப் பின் கொம்பு, அதன்பின் ளகரம் வந்து, அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ குறியோ இல்லாவிட்டால் அது ஔகாரம்தான் என்று விதி எழுதுவார்கள். ‘தெளிவு’ தப்பிக்கும், ‘வெள்ளை’ தப்பிக்கும், ‘கெளுத்தி’ தப்பிக்கும். ‘வெளவால்’ சரியாக ‘வௌவால்’ ஆகும். பார்க்க அழகான விதி.

ஆனால் கரிசல்காரன் ‘பருத்தி நல்லா வெளஞ்சிருக்கு’ என்பான். ‘வெளயாட்டு’ என்பான், ‘வெளச்சல்’ என்பான். இங்கே வெ, ள இரண்டும் தனித்தனி எழுத்துகள், ளகரத்தின் மேல் ஒரு குறியும் இல்லை. உங்கள் விதி இதை ‘வௌஞ்சிருக்கு’ என்று மாற்றிவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது. கி.ராஜநாராயணன் இடைசெவலில் உட்கார்ந்து, பேச்சுமொழியை எழுத்தில் கொண்டுவந்து, வட்டார வழக்குக்கென்று அகராதியும் தொகுத்து ஒரு வழி போட்டுக்கொடுத்தார். அந்த வழியில் எழுதப்பட்ட கதைகளை மின்னூலாக்கும்போது இப்படியொரு ரிப்ளேஸ் ஓடினால், அந்த மொழி சத்தமில்லாமல் கெட்டுப்போகும். எழுத்துமொழியை மட்டும் தமிழ் என்று நினைத்து எழுதிய விதி இப்படித்தான் செய்யும்.

*

நாம் மட்டும்தான் இப்படி அவதிப்படுகிறோம் என்று நினைக்க வேண்டாம். மங்கோலியர்களின் மரபெழுத்து மேலிருந்து கீழாக எழுதுவது. 1999இல் யூனிகோடில் ஏறியது. அங்கே எண் கொடுத்தது ஒலிக்கு. ஒகரம் போன்ற உயிருக்கு ஓர் எண், உகரம் போன்ற உயிருக்கு ஓர் எண். ஆனால் எழுதினால் இரண்டுக்கும் ஒரே வடிவம். சொல் தெரிந்தவன் சரியாக வாசிப்பான். கண்ணால் பார்த்து அடிப்பவன் இரண்டில் எதையாவது அடிப்பான். திரையில் ஒன்றுபோல் இருக்கிற ஒரே சொல் உள்ளே பல விதமாகக் கிடக்கிறது. 2025 முதல் அரசு ஆவணங்களில் சிரிலிக்கோடு மரபெழுத்தையும் பயன்படுத்துவது என்று மங்கோலியா முடிவெடுத்திருக்கும்போது, இது அவர்களுக்கு அறிஞர்கள் பேசித் தீர்க்கும் விஷயமாக இல்லை. குடிமக்களின் பெயர் விஷயம்.

பக்கத்தில் மலையாளத்தைப் பாருங்கள். அவர்களுடைய சில்லெழுத்துகளுக்கு முதலில் தனி எண் இல்லை. மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றாக எழுதினார்கள். 2008இல் தனி எண் வந்தது. பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, பார்க்க இரண்டும் ஒன்று. தனி எண் கேட்டுப் போராடுகிற நம் முதல் அணியினர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண் கிடைத்த நாளிலிருந்துதான் அங்கே இரட்டைப் பதிவு தொடங்கியது.

நமக்கும் இது முதல் தடவை அல்ல. ஏட்டுச்சுவடியில் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதை வாசிக்கிறவன்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கொம்பைச் சுழித்து, ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி வடிவம் தந்தவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர், தொடக்க காலத்தில் பணிசெய்தது எங்கள் கரிசல் பக்கம்தான், காமநாயக்கன்பட்டியில். வாசிக்கிறவன் மனிதனாக இருந்தவரை மயக்கம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது. அப்போதும்கூட ஒருவர் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். சுழி போடுவது சின்ன வேலை என்று அவர் நினைக்கவில்லை.

*

ஆகவே செய்ய வேண்டியது என்ன? நான்கு காரியம். எதற்கும் யூனிகோடு அமைப்பின் காலில் விழ வேண்டியதில்லை, மாநாடும் வேண்டாம்.

ஒன்று, பதிந்திருப்பதைத் தொடாதே. தேடுவதற்கென்று பக்கத்தில் இன்னொரு பிரதி வை. அந்தப் பிரதியில் எல்லா ஔகாரத்தையும் கொம்பு, ளகரமாக உடைத்துவிடு. கவனியுங்கள், தவறான வடிவத்தைச் சரியாக்கச் சொல்லவில்லை, சரியானதைத் தவறான பக்கம் கொண்டுபோகச் சொல்கிறேன். ஏனென்றால் ‘வெள’ என்பது வெளச்சலா வௌவாலா என்று கணினிக்குத் தெரியாது. ஆனால் ‘வௌ’ எப்படிப் பிரியும் என்பதில் சந்தேகமே இல்லை. தேடுகிற சொல்லையும் அதேபோல் உடைத்துத் தேடு. கௌரி அகப்படுவாள், கெளரியும் அகப்படுவாள், கரிசல்காரனின் வெளச்சலும் அப்படியே இருக்கும். ஏழை எகரமாக்குவது, ஶ்ரீயை ஸ்ரீயாக்குவது எல்லாம் இதிலேயே அடங்கும். பத்து வரி நிரல். பெரிய தேடுபொறிகள் இந்த மாதிரி ஏதோவொன்றைச் செய்து சமாளித்துக்கொள்கின்றன. நம் அலுவலகத்து மென்பொருள்தான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து இல்லை என்கிறது.

இரண்டு, தட்டச்சு முறை கீபோர்டில் ஔகாரக் குறிக்குத் தனி விசை. இருக்கிறவற்றில் அது எங்கே என்று எழுதி ஒட்டுங்கள்.

மூன்று, அரசு பயன்படுத்துகிற எழுத்துருவில் ளகரமும் ஔகார நீட்டல் குறியும் வேறாகத் தெரிய வேண்டும். பார்த்தவுடன் தப்பு தெரிந்தால் பாதித் தப்பு அன்றைக்கே நின்றுவிடும்.

நான்கு, தமிழில் பெயர் பதிகிற எந்த மென்பொருளையும் வாங்குவதற்கு முன் ஒரு பக்கச் சோதனைப் பட்டியல். கௌரி, ஔவை, ஒளி, வௌவால், வெளச்சல், கட்டபொம்மன், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பதிந்து, இரண்டு விதமாகத் தேடிப் பார். அகப்படாவிட்டால் பில் பாஸாகாது. இந்தப் பட்டியலை எழுத ஒரு தமிழாசிரியரும் ஒரு புரோகிராமரும் ஒரு மதியப்பொழுதும் போதும்.

இதில் எதுவும் புரட்சி இல்லை. மேடையில் பேச எதுவும் இல்லை, கைதட்டு வாங்க எதுவும் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் நடக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. மூத்த மொழி, முதல் மொழி என்றெல்லாம் சொல்லிக்கொள்கிற ஒரு சமூகம், தன் பன்னிரண்டு உயிரில் கடைசி உயிர் கணினியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. அதற்கான கூலியை மேடையில் பேசுகிறவர்கள் கொடுக்கவில்லை. பஸ் காசு போட்டு மூன்று நடை நடக்கிறவர்கள் கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை யாராவது ‘கம்ப்யூட்டர்ல பேரு இல்ல’ என்று சொன்னால், ‘எப்படி அடிச்சுத் தேடுனீங்க சார்?’ என்று திருப்பிக் கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பதில் சொல்லும் பொறுப்பு அந்த மென்பொருளை எழுதியவனுக்கும், சோதிக்காமல் வாங்கியவனுக்கும் உண்டு.